‘மேக்னஸ்’ என்னும் வேரும் அதில் கிளைத்த ஆங்கிலச் சொற்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையத்தில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும், திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களில் வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதும் பணியில் இருப்பவர்களும், பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தருவதற்காகத் தாமும் படிக்க வரும் தாய்மாரும் என் வகுப்பில் இருக்கிறார்கள். ‘பெரிய’ என்னும் பொருள் கொண்ட ஒரே வேரிலிருந்து வந்த ஆங்கிலச் சொற்களைப் பற்றி அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, அவர்கள் கேட்டபடியே வைத்து, இங்கே விடையுடன் எழுதியிருக்கிறேன்.

“இத்தனை சொல்லுக்கும் ஒரே வேர்னு சொல்றீங்களே சார், அது என்ன வேருங்க?”

பழைய ரோமானியர்களின் மொழியான இலத்தீனில் ‘மேக்னஸ்’ என்றால் ‘பெரிய’ என்று பொருள். மேக்னிஃபை, மேக்னிட்யூட், மேக்னிஃபிசென்ட், மேக்னானிமஸ், மேஜர், மெஜாரிட்டி, மெஜஸ்டி, மேக்சிமம், மேயர், மாஸ்டர், மாஜிஸ்ட்ரேட் ஆகிய அனைத்தும் அதன் வழியில் வந்தவை.

தமிழில் ‘பெரு’ என்னும் அடி என்ன வேலை செய்கிறதோ அதே வேலையைத்தான் ஆங்கிலத்தில் இந்த வேர் செய்கிறது. கோவைக்கு அருகில் இருக்கும் பேரூர் என்பது பெரு, ஊர் என்னும் இரண்டும் சேர்ந்த பெயர்; ஈரோட்டுப் பக்கம் பெருந்துறை இருக்கிறது; பெருக்கு, பெருமை, பெரும்பான்மை, பெருந்தன்மை, கணக்குப் பாடத்தில் வரும் பெருமம் ஆகியவையும் அந்த அடியிலிருந்து வந்தவையே. இவற்றை நாம் யாரும் தனித்தனியாக மனப்பாடம் செய்ததில்லை. மேக்னிஃபை என்பதற்குப் பெருக்கிக் காட்டு, மெஜாரிட்டி என்பதற்குப் பெரும்பான்மை, மேக்சிமம் என்பதற்குப் பெருமம், மேக்னானிமிட்டி என்பதற்குப் பெருந்தன்மை என்று இரண்டு குடும்பங்களையும் அருகருகே எழுதிப் பார்த்தால், ஆங்கிலச் சொற்கள் மனத்தில் தாமாகவே தங்கிவிடும். பதினைந்து சொற்களைப் பதினைந்து நாள் உருப்போடுவதை விட இந்த ஒரு வழி மேலானது என்பதை என் வகுப்பில் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

“மேக்னிஃபைன்னாலும் மேக்னிஃபிசென்ட்னாலும் ஒண்ணுதானுங்களா?”

பிறப்பில் ஒன்று, வழக்கில் வேறு. இரண்டிலும் முதற்பகுதி ‘பெரிய’. பின்பகுதி ‘செய்’ என்னும் பொருள் தரும் இலத்தீன் வினை. மேக்னிஃபை என்பது இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டுவது. துணியைச் சோதிப்பவர்கள் சட்டைப்பையில் ஒரு சிறிய மடக்குக் கண்ணாடி வைத்திருப்பார்கள். அதை விரித்துத் துணியின் மேல் வைத்தால், கீழே உள்ள ஓர் அங்குலச் சதுரத் திறப்புக்குள் நூலிழைகள் கயிறுபோலத் தடித்துத் தெரியும், ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். இழை தடிக்கவில்லை, தோற்றம்தான் தடித்தது. அதனால்தான் சிறிய சிக்கலை ஊதிப் பெரிதாக்குவதற்கும் இதே சொல்லை ஆள்கிறார்கள்.

மேக்னிஃபிசென்ட் என்பது பெருஞ்செயல் செய்கிற தன்மையைக் குறித்துத் தொடங்கி, அப்படிச் செய்யப்பட்டவற்றின் கம்பீரத்தைக் குறிக்கும் சொல்லாக நிலைத்தது. பேரூர்க் கோயிலின் கனகசபைத் தூண்களை நிமிர்ந்து பார்க்கும்போது வாயில் வர வேண்டிய சொல் அது. “சாப்பாடு நன்றாக இருந்தது” என்று சொல்ல வேண்டிய இடத்தில் அதைப் போட்டால் சொல்லின் எடை வீணாகிவிடும்.

கிறித்தவ மாணவி ஒருவர் ஒருமுறை நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டார். மரியாள் பாடுவதாக வரும் விவிலியப் பகுதியில் ஆங்கிலப் பழைய மொழிபெயர்ப்பு மேக்னிஃபை என்கிறது. கடவுளை எப்படிப் பெரிதாக்குவது? அங்கே அதற்குப் போற்றுதல் என்பதே பொருள். தமிழ் விவிலியம் அவ்விடத்தில் ‘மகிமைப்படுத்துகிறது’ என்கிறது. அந்த மகிமை என்னும் சொல்லுக்கும் இந்த வேருக்கும் உறவு உண்டு. அதைப் பின்னால் ‘மகா’ பற்றிய விடையில் சொல்கிறேன்.

“பூகம்பத்துக்கு மேக்னிட்யூட் ஆறுன்னு போடறாங்க, அப்ப மூணுக்கு ரெண்டு மடங்குதானுங்களே?”

இல்லை. மேக்னிட்யூட் என்பதற்குப் ‘பெரிதாக இருக்கும் அளவு’ என்று பொருள். ஆனால் நிலநடுக்கத்தில் அந்த அளவுகோல் கூட்டலில் ஏறுவதில்லை, பெருக்கலில் ஏறுகிறது. எண் ஒன்று கூடினால் நில அதிர்வின் வீச்சு 10 மடங்காகும், வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்காகும். எனவே மூன்றுக்கும் ஆறுக்கும் இடையே வீச்சில் 1,000 மடங்கு வேறுபாடு. நம் பகுதியிலேயே 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூரை உலுக்கிய நிலநடுக்கத்தின் அளவை ஏறக்குறைய 6 என்று பிற்கால ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இதே சொல்லை விண்மீன்களுக்கும் ஆள்கிறார்கள். அங்கே எண் தலைகீழாகப் போகும். ஒளி மிகுந்த விண்மீனுக்குச் சிறிய எண், மங்கலானதற்குப் பெரிய எண். பழங்காலக் கிரேக்க வானியலார் மிகப் பிரகாசமானவற்றை முதல் தரம் என்றும், கண்ணுக்கு அரிதாகத் தெரிபவற்றை ஆறாம் தரம் என்றும் பிரித்ததே காரணம்; வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவரை ஒன்று என்று எண்ணுவது போன்றது. இன்றைய கணக்கில் ஐந்து படி வேறுபாடு என்றால் ஒளியில் 100 மடங்கு வேறுபாடு. இந்த விகிதத்தை 1856-இல் முன்மொழிந்த நார்மன் போக்சன் பிறகு சென்னை வானாய்வகத்தின் பொறுப்பேற்று, 1891-இல் மறையும் வரை அங்கேயே பணியாற்றினார் என்பதைச் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

“மேஜர்லயும் மேயர்லயும் ‘க்’ சத்தமே இல்லைங்களே, அதெப்படி இந்தக் குடும்பம்?”

இலத்தீனில் இந்தச் சொல்லுக்கு மூன்று படிகள் உண்டு. மேக்னஸ் என்றால் பெரிய. மாயோர் என்றால் அதைவிடப் பெரிய. மாக்சிமுஸ் என்றால் எல்லாவற்றிலும் பெரிய. நடுப்படியில் ககர ஒலி யகரத்தோடு கலந்து தேய்ந்துவிட்டது. பிற்காலத்தில் அந்த யகரத்தை ஜகரமாக ஒலித்தபோது மேஜர் பிறந்தது. பிரெஞ்சு மொழி வழியாக யகர ஒலியோடு வந்தது மேயர். ஆகவே மேஜரும் மேயரும் பிறப்பில் ஒரே சொல்தான்.

ஊருக்குப் பெரியவரைப் பதவிப் பெயராகவே ‘பெரியவர்’ என்று அழைப்பது நமக்குப் புதிதன்று. நம் கொங்கு ஊர்களில் ஊர்ப் பொறுப்பை ஏற்றவரைப் பெரியதனக்காரர் என்று சொல்லும் வழக்கம் இருந்தது. மேயர் என்பதும் அதே எண்ணத்தில் எழுந்த பெயர். சென்னைக்கு 1688-இலேயே மேயர் வந்துவிட்டார். கோயம்புத்தூர் மாநகராட்சியானது 1981-இல்.

பதினெட்டு வயது நிரம்பியவரை மேஜர் என்பதும் இதே பொருளில்தான்: வயதில் பெரியவர் ஆகிவிட்டார். இதற்கு எதிர்ச்சொல்லான மைனர் ‘சிறியவர்’ என்னும் பொருள் உடையது. செய்தித்தாளில் வரும் ‘மாஜி அமைச்சர்’ என்பதையும் இதோடு சேர்த்துவிட வேண்டாம்; அது ‘கடந்த’ என்னும் பொருள் கொண்ட அரபுச் சொல்.

“பாக்கெட்டுல எம்.ஆர்.பி. போட்டிருந்தா அதுதானுங்களே விலை?”

அன்று. அந்த மூன்று எழுத்துகளில் முதலாவது மேக்சிமம். மேலே சொன்ன மூன்றாம் படி, எல்லாவற்றிலும் பெரியது. அதற்கு மேல் ஒரு காசும் வாங்கக் கூடாது என்பதே பொருள். அதே விலைக்கு விற்றாக வேண்டும் என்பது பொருளன்று. கடைக்காரர் அதற்குக் கீழே எந்த விலைக்கும் கொடுக்கலாம். ஒரு சொல்லின் பொருள் தெரியாததால் கைப்பணம் போகும் இடம் இது. அதனால்தான் ஆங்கிலப் பாடத்தில் இதை எப்போதும் சேர்த்துச் சொல்கிறேன்.

“கட்டட மேஸ்திரிக்கும் இங்கிலீஷுக்கும் என்னங்க சம்பந்தம்? சும்மா சொல்றீங்களா?”

சும்மா சொல்லவில்லை. இந்தக் குடும்பத்திலேயே நம் வாழ்க்கைக்கு மிக நெருக்கமான கிளை இதுதான். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே.

இலத்தீனில் ‘கூடுதலாக’ என்னும் பொருள் தரும் ‘மாகிஸ்’ என்ற சொல் மேக்னஸின் நெருங்கிய உறவு. அதிலிருந்து ‘மாகிஸ்தெர்’ வந்தது: மற்றவர்களைவிடக் கூடியவர், தலைமை ஏற்றவர், கற்பிப்பவர். அது ஆங்கிலத்தில் மாஸ்டர் ஆயிற்று. அதன் தேய்ந்த உச்சரிப்பு மிஸ்டர். இத்தாலியில் மேஸ்ட்ரோ ஆகி இசையில் வல்லவரைக் குறித்தது. இளையராஜாவை நாம் அப்படி அழைக்கிறோம். நீதிமன்றத்தின் மாஜிஸ்ட்ரேட்டும் அதன் வழி வந்தவர். போர்த்துகீசியத்தில் அது மெஸ்த்ரெ ஆகி, அவர்களோடு கப்பலேறி நம் கரைக்கு வந்து, தமிழில் மேஸ்திரி ஆகிவிட்டது. மாஸ்டர் ஆங்கிலேயரோடு வந்தது, மேஸ்திரி அதற்கு முன்பே போர்த்துகீசியரோடு வந்துவிட்டது, இரண்டும் உடன்பிறப்புகள்.

எங்கள் வகுப்புக்கு எதிரில் ஒரு பேக்கரி இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு அங்கே டீ மாஸ்டர் பாலை ஆற்றிக்கொண்டிருப்பார். பெஞ்சில் சிமெண்டுக் கறையோடு ஒரு மேஸ்திரி, அவருக்குப் பக்கத்தில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர், ஓரத்தில் பள்ளி விட்டு வரும் ஹெட்மாஸ்டர், சில நாள் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் வாய்தா முடிந்து வருபவர். மாஸ்டர், மேஸ்திரி, மாஜிஸ்ட்ரேட் என்னும் இந்தப் பெயர்கள் ஒரே இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை என்று மாணவர்களைச் சன்னல் ஓரம் நிறுத்திக் காட்டியிருக்கிறேன். கைத்தொழிலின் தலைமைக்கும் நீதியின் தலைமைக்கும் ஒரே பெயர் போதும் என்று அந்தச் சொல் கருதியிருப்பது எனக்குப் பெரிய மதிப்பைத் தருகிறது.

“அப்ப மினிஸ்டரும் பெரியவர்ங்கற அர்த்தந்தானுங்களா?”

நேர் எதிர். மாகிஸ்தெர் ‘கூடுதலாக’ என்பதிலிருந்து வந்ததுபோல, மினிஸ்தெர் ‘குறைவாக’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. பொருள் பணியாளர், ஏவல் செய்பவர். அரசருக்குப் பணி செய்பவர் என்ற பொருளில் தொடங்கி அமைச்சர் என்னும் பதவிப் பெயராக உயர்ந்தது. மைனர், மைனஸ், மினிமம் ஆகியவை அந்தப் பக்கத்து உறவுகள். முதலமைச்சர் என்பதன் ஆங்கிலப் பெயரை வேரோடு பிரித்தால் தலைமைப் பணியாளர் என்று வரும். இதைத் தவறு என்று வாதிட்டவர்களும் உண்டு, அகராதியைத் திறந்து காட்டிய பிறகே ஒப்புக்கொண்டார்கள்.

“மேக்னானிமஸ்னா தாராளமா பணம் குடுக்கறவங்கதானுங்களே?”

பணம் கொடுப்பவரை ஜெனரஸ் என்றால் போதும். மேக்னானிமஸ் என்பதில் ‘பெரிய’ என்பதோடு சேர்ந்திருப்பது ‘அனிமஸ்’, அதாவது உள்ளம். பெரிய உள்ளம் படைத்தவர். இது பெரும்பாலும் கை ஓங்கியிருப்பவர், கை தாழ்ந்திருப்பவரிடம் காட்டும் குணத்தைக் குறிக்கும். கிணற்றுப் பங்கு வழக்கில் பத்து வருடம் அலைந்து வென்ற அண்ணன், தீர்ப்பு வந்த மறுவாரம், “தென்னை காயுது, முறைத் தண்ணிய நீயே பாய்ச்சிக்கோ” என்று தம்பியிடம் சொன்னால், அந்தச் செயலுக்கு ஆங்கிலத்தில் இந்தச் சொல் பொருந்தும். தோற்ற தம்பி விட்டுக்கொடுப்பதற்கு இது பொருந்தாது. நம் பெருந்தன்மை என்னும் சொல்லிலும் இந்த நுட்பம் அப்படியே இருக்கிறது.

இதற்கு எதிரான சொல்லும் ஒன்று உண்டு: பியூசிலானிமஸ், மிகச் சிறிய உள்ளம், அதாவது கோழைத்தனம். அனிமாசிட்டி என்னும் பகைமையிலும் அதே அனிமஸ் இருக்கிறது. உள்ளம் பெரிதாகவும் ஆகலாம், கசக்கவும் செய்யலாம்.

“மகாத்மால இருக்கற மகாவும் இதுவும் ஒரே மாதிரி கேக்குதுங்க. யாரு யாரைப் பாத்து எழுதினாங்க?”

யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன், ஆங்கிலம் ஆகியவை இந்தோ ஐரோப்பியம் என்னும் ஒரே பெருங்குடும்பத்து மொழிகள். ஒரு பாட்டியின் மூக்கு நான்கு பேரப்பிள்ளைகளின் முகத்திலும் தெரிவது போல, பழைய வேர் ஒன்று சமஸ்கிருதத்தில் மகா, கிரேக்கத்தில் மெகா, இலத்தீனில் மேக்னஸ் என்று நிற்கிறது. ஆங்கிலம் தன் சொந்த வழியாகவும் ஒன்று வைத்திருக்கிறது: ‘மச்’, அதாவது மிகுதி. தமிழ் வேறு குடும்பம். மகான், மகிமை, மகத்துவம் ஆகியவற்றைச் சமஸ்கிருதத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்டோம். எனவே மேலே சொன்ன மரியாளின் பாடலில் ஆங்கிலத்து மேக்னிஃபைக்குத் தமிழில் மகிமை வந்தபோது, நெடுநாள் பிரிந்திருந்த உறவுகள் இரண்டு ஒரே வரியில் சந்தித்தன. மகாத்மா என்பதும் மேக்னானிமஸ் என்பதும் பகுதிக்குப் பகுதி பொருந்துவதை முந்திய விடையோடு சேர்த்துப் பாருங்கள்: பெரிய, ஆன்மா; பெரிய, உள்ளம்.

மெகா என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. கிரேக்க நெடுங்கணக்கில் ஒமேகா என்றால் ‘பெரிய ஓ’, ஒமிக்ரான் என்றால் ‘சிறிய ஒ’. 2021-இல் கொரோனா வகை ஒன்றின் பெயராக ஒமிக்ரானை ஊரெல்லாம் உச்சரித்தோம். அது நம் ஒகரக் குறில் போன்ற ஓர் எழுத்தின் பெயர், ஒமேகா அதன் நெடில். ஆங்கிலேயருக்கு விளக்க வேண்டிய இந்த வேறுபாடு, குறில் நெடில் படித்த நம் வீட்டு இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு உடனே விளங்கும்.

“மேக்னட், மேக்னேட் ரெண்டும் ஒரே எழுத்துக்கூட்டா தெரியுதுங்க. ஆலை அதிபருக்கு எதைப் போடறதுங்க?”

மேக்னேட் என்று நீட்டி ஒலிப்பதே பெருந்தொழிலதிபர். அது நம் வேரில் வந்தது. மேக்னட் என்று குறுக்கி ஒலிப்பது காந்தம். அதற்கும் பெரிய என்பதற்கும் தொடர்பில்லை. எனக்குத் தெரிந்த ஒரு விழா அழைப்பிதழில், ஊரே மதிக்கும் ஆலை உரிமையாளர் ஒருவரை எழுத்துப் பிழையால் ‘ஜவுளிக் காந்தம்’ ஆக்கி அச்சிட்டுவிட்டார்கள். ஆயிரம் படிகளையும் திரும்ப அச்சிட வேண்டியதாயிற்று.

காந்தத்தின் பெயர் பழங்காலக் கிரேக்கர் வாழ்ந்த மெக்னீசியா என்னும் இடத்தின் பெயரிலிருந்து வந்தது. ‘மெக்னீசியாக் கல்’ என்பதே சுருங்கிற்று. மெக்னீசியம், மாங்கனீசு என்னும் தனிமங்களின் பெயர்களும் அதே பெயரைப் பற்றி வந்தவை. சேலத்தில் ஏற்காட்டு மலையடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று தோண்டி எடுக்கும் மேக்னசைட் தாதும், அதன் பெயரையே தாங்கி நிற்கும் ரயில் நிலையமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே தொடக்க எழுத்துகளை மட்டும் வைத்து உறவு சொல்லிவிடக் கூடாது.

“மேகசின், மேஜிக், மேங்கோ?”

மூன்றும் வேறு. மேகசின் அரபு மொழியில் கிடங்கைக் குறித்த சொல். பொருள் சேமிக்கும் இடம், பிறகு செய்தி சேர்த்துத் தரும் இதழ். மேஜிக் பழைய பாரசீகப் பூசாரிகளின் பெயரிலிருந்து வந்தது. மேங்கோ போர்த்துகீசியர் வழியாக நம் தென்னாட்டு மாங்காயிலிருந்து போனது. மேக்னோலியாவையும் சிலர் கேட்பார்கள். அது பியர் மேக்னோல் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரின் பெயரால் அமைந்தது, நம் செண்பகத்தின் அறிவியல் பெயரிலும் அது இருக்கிறது.

“மேக்னா கார்ட்டாவ மகாசாசனம்னு படிச்சோம். அவ்வளவு உசந்ததுனாலதானுங்களே அந்தப் பேரு?”

1215 ஜூன் 15 அன்று, தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ரன்னிமீட் என்னும் புல்வெளியில், இங்கிலாந்து மன்னர் ஜான் தம் பிரபுக்களின் நெருக்குதலுக்கு இணங்கி ஒப்புக்கொண்ட உரிமைப் பட்டயம் அது. ஆனால் அன்றைக்கு அதற்கு அந்தப் பெயர் இல்லை. 1217-இல் காடுகளைப் பற்றிய தனிப் பட்டயம் ஒன்று வெளியானபோது, அளவில் சிறிய அதிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக நீளமானதைப் ‘பெரிய பட்டயம்’ என்றார்கள். சின்ன வாய்க்கால், பெரிய வாய்க்கால் என்பது போன்ற பெயர்தான். அதன் உட்பொருளின் சிறப்பால், பெயரில் இருந்த அளவுப்பெருமை பின்னால் மதிப்புப்பெருமை ஆகிவிட்டது.

தேர்வில் இது இன்னொரு வடிவிலும் வரும்: 1854-ஆம் ஆண்டின் உட்ஸ் அறிக்கையை இந்தியக் கல்வியின் மகாசாசனம் என்பார்கள். அங்கே இரண்டாவது பொருள் மட்டுமே உண்டு.

“பரீட்சையில பாக்காத சொல்லு வந்தா, ‘பெரிய’ன்னு வெச்சு எழுதிப்போடலாங்களா?”

பாதி வழி போகலாம். மறுபாதிக்கு அடுத்த பகுதியைப் பார்க்க வேண்டும். மேக்னம் ஓப்பஸ் என்றால் ஓப்பஸ் என்பது படைப்பு, ஆகவே ஒருவரின் தலையாய படைப்பு, இது எளிது. மேக்னிலோக்வென்ட் என்பதில் பின்பகுதி பேச்சு. பெரிய பேச்சாளர் என்று பாராட்டாக எழுதினால் மதிப்பெண் போய்விடும். அது ஆடம்பரமாக, வாய்ப்பந்தல் போட்டுப் பேசுவதைக் குறிக்கும் குறைச்சொல். நம் மொழியிலும் பெருமை என்பது உயர்வையும் குறிக்கும், “பெருமையடிக்கிறான்” என்னும்போது தற்புகழ்ச்சியையும் குறிக்கும் அல்லவா, அதுபோல. எனவே வேர் வழி காட்டிய பிறகும், அந்தச் சொல் வரும் வாக்கியத்தில் புகழ்ச்சி இருக்கிறதா, குறை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்தே விடை எழுத வேண்டும்.

“மேக்சிம்னா நீதிமொழின்னு போட்டிருக்குதுங்க, அதுல என்ன பெருசுங்க?”

எம்.ஆர்.பி. பற்றிய விடையில் வந்த அதே மேக்சிமம்தான். இடைக்காலத் தருக்க நூலார், வேறு நிறுவல் தேவைப்படாத அடிப்படைக் கூற்றை ‘எல்லாவற்றிலும் பெரிய கூற்று’ என்றார்கள். அதில் ‘கூற்று’ உதிர்ந்து ‘எல்லாவற்றிலும் பெரிய’ மட்டும் நின்றுவிட்டது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இலத்தீனிலேயே கற்கும் சட்ட மேக்சிம்கள் இவ்வகையின. அவற்றுள் அவர்கள் முதன்முதலில் கற்பனவற்றில் ஒன்று, “எதிர்த் தரப்பையும் கேள்” என்பது.